சின்னம்: இஸ்திரிப் பெட்டி

பெட்டியைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டு போகிறார் அனுசுயா. தொடுவதில்லை. அனல் முகத்தில் அடித்ததும் ஒரு தலையாட்டல். பிறகு வண்டியின் ஓரத்தில் கிடக்கும் வாழை இலைத் துண்டின்மேல் பெட்டியை ஓர் இழுப்பு இழுக்கிறார். இலை சுர்ரென்று வதங்கி, பந்தியில் சுடுசோறு விழுந்தது போல ஒரு வாசனை கிளம்புகிறது. அதற்கு அப்புறம்தான் வெள்ளைச் சட்டைக்கு வருவார். ஜீயபுரத்திலிருந்து இலைக்கட்டு ஏற்றி வரும் டெம்போக்காரர், கிழிந்த இலைகளை இவருக்கென்று தனியாகப் போட்டுவிட்டுப் போவது வழக்கம்.

"இலையில தேய்ச்சாத்தான் சார் பெட்டி வழுக்கிட்டுப் போகும். இல்லன்னா துணியப் புடிச்சு இழுக்கும், புதுசா கட்டிக்கிட்ட புருஷன் மாதிரி."

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் நிற்கிறது அவருடைய தள்ளுவண்டி. ஐம்பதைத் தாண்டியவர். ஏழு கிலோ பித்தளைப் பெட்டியை இருபத்தைந்து வருடமாகத் தூக்கித் தூக்கி வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. நேராக நிற்கும்போதே யாரிடமோ ரகசியம் கேட்கக் குனிந்த மாதிரி இருப்பார். ஆசாரத்துக்கு உடுத்தும் மடித் துணிக்கு இஸ்திரி கிடையாது என்பதால் தெருவில் பாதி வீட்டுப் பெரியவர்கள் இவருக்கு வாடிக்கை இல்லை. அந்த வீடுகளின் மாப்பிள்ளைகளும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளின் யூனிஃபார்மும்தான் வாடிக்கை. துணியைப் பிரிக்கும்போதே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவார். "இந்த வீட்ல மாமியார் ஊருக்குப் போயிருக்காங்க. பாருங்க, ஒரே சுடிதாரா வந்திருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

தெருவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் இங்கேதான் குடியிருக்கிறார். உண்மைப் பெயரை எழுதினால் ஆசிரியருக்குத் தலைவலி. இளவரசன் என்று வைத்துக்கொள்வோம். கட்சிகளின் பெயரும் வேண்டாம். வேட்டிக் கரையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம், அனுசுயா அப்படித்தான் சொல்கிறார்.

அவருடைய வண்டிப் பலகையின்மேல் ஒரு கம்பளி, கம்பளிக்கு மேல் மெத்தை மாதிரி அடுக்கிய பழைய வேட்டிகள். எல்லாம் இளவரசன் கட்டி அவிழ்த்தவை. ஒருநாள் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஊதாக் கரை. அதன்மேல் கரையே இல்லாத வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேலே, போன மாதம்தான் வந்து சேர்ந்த மயில்கழுத்துக் கரை.

"கட்சிய விட்டாருன்னா மறுநாள் காலையில மூட்டை வந்துரும் சார். பழைய கரை வீட்ல இருந்தா ராசி இல்லையாம். எனக்கென்ன, நல்ல துணி. சூடு தாங்குது."

ஊதாக் கரையில் இளவரசன் இரண்டு தேர்தல் பார்த்தார். முதலாவதில் தோற்றார். "தோத்தவனுக்கு ஒரு வாய்ப்பு" என்று தெருத்தெருவாக அழுது இரண்டாவதில் ஜெயித்தார். அந்த ஐந்து வருடத்தில் சட்டமன்றத்தில் அவர் எழுப்பிய ஒரே சத்தம் மேசையைத் தட்டிய சத்தம்தான் என்று எங்கள் தெருவில் பேச்சு. அடுத்த முறை கட்சி சீட் கொடுக்கவில்லை. தன்மானம் பொங்கிவிட்டது. கரை இல்லாத வேட்டியைக் கட்டிக்கொண்டு சுயேச்சையாக இறங்கினார். தேர்தல் அதிகாரி ஒதுக்கிய சின்னம், இஸ்திரிப் பெட்டி.

அனுசுயாவின் வாழ்க்கையில் அரசியல் நுழைந்தது அன்றைக்குத்தான்.

இளவரசனுடைய உதவியாளர் கணேஷ்குமார் ஓடிவந்தான். அண்ணன் பெட்டியோடு போட்டோ எடுக்க வேண்டும் என்றான். அனுசுயா கரியைக் கொட்டி, பெட்டியை ஆற வைத்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார். ஒரு காலை வேலை போயிற்று. இளவரசன் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மறுநாள் தொகுதி முழுக்க அந்த போஸ்டர். அதோடு விட்டார்களா? அனுசுயாவையே திறந்த வேனில் ஏற்றினார்கள். வேட்பாளருக்குப் பக்கத்தில் பெட்டியும் கையுமாக ஊர் ஊராக நின்றார். வண்டி மூடிக் கிடந்தது. வாடிக்கைக்காரர்கள் நாங்கள் கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போனோம். யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் தெருப் பெட்டி அல்லவா ஓட்டுக் கேட்கிறது என்று எங்களுக்கும் ஒரு பூரிப்பு.

"எனக்கு மைக்ல பேசத் தெரியாது சார். 'காட்டுங்கக்கா'ம்பாரு. தூக்கிக் காட்டுவேன். கை ரெண்டும் கழண்டு போயிரும். ஆனா ஜனங்க கை தட்டுவாங்க பாருங்க, அப்ப கனமே தெரியாது."

அக்கா என்றுதான் கூப்பிட்டார் இளவரசன். அனுசுயாவைவிட அவர்தான் நாலைந்து வயது மூத்தவர் என்பது வேறு விஷயம். வண்டி அப்போது ஒரு புங்கமரத்தடியில் நின்றது. நாள் முழுக்க நிழல், காவேரிப் பக்கத்துக் காற்று. அந்த இடம் தனக்கென்று உறுதியாக வேண்டும், யாரும் விரட்டக் கூடாது என்பதுதான் அனுசுயா கேட்ட ஒரே விஷயம். இளவரசன் மரத்தில் கையை வைத்தார். "ஜெயிச்சா முதல் வேலை உங்க இடம்தான்க்கா. கூரை போட்டு உங்க பேருக்கே ஏற்பாடு பண்ணித் தரேன். இந்த மரத்து மேல சத்தியம்." பக்கத்து வீட்டு வாசலில் நின்று நானும் கேட்டேன்.

ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். வெடி வெடித்து, பெட்டிக்கு மாலை போட்டார்கள். மாலை வாடி முடிப்பதற்குள் ஆளுங்கட்சிக் கூட்டத்து மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார், 'தொகுதி நலனுக்காக'. அடுத்த தேர்தலில் நேரடியாகவே அந்தக் கட்சியின் மயில்கழுத்துக் கரை. அதிலும் வெற்றி. பெட்டிக்கு ஓட்டுப் போட்ட கையெல்லாம் வேறு சின்னத்துக்குப் போட்டது. நாக்கு கூசாமல் அவர் கேட்டார், நாங்களும் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் தொகுதி மேம்பாட்டு நிதி எங்கள் தெருவுக்கு வந்தது. பயணியர் நிழற்குடை கட்டினார்கள். எங்கே? புங்கமரம் நின்ற இடத்தில். நிழல் தந்த மரத்தை வெட்டிவிட்டு நிழற்குடை! எங்கள் தெருவில் பஸ் வராது. மினி பஸ்கூட வராது. ஆட்டோ வந்தாலே எதிரில் வருகிற ஸ்கூட்டர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனாலும் கட்டினார்கள். கிரானைட் பெஞ்ச், எவர்சில்வர் தூண், நெற்றியில் இளவரசனின் பெயர் ஆளுயர எழுத்தில், பக்கத்தில் கும்பிடுகிற படம். அங்கே இதுவரை காத்திருந்த பயணி ஒரு செவலை நாய்தான். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அனுசுயாவின் வண்டி எதிர்ச்சாரிக்குப் போனது. அங்கே மொட்டை வெயில். காலை பத்து மணிக்கு மேல் தலைக்கு மேலே சூரியன், கைக்குக் கீழே கரி. இரண்டு முறை மயங்கி விழுந்தார். இப்போது பதினொரு மணியோடு கரியை அவித்துவிட வேண்டியிருக்கிறது. மதிய வேலை அடியோடு போயிற்று. பாதித் துணி மெயின் ரோட்டுக் கடைக்குப் போகிறது. புருஷனுக்குச் சர்க்கரையில் கால் விரல் போய்விட்டது, வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்தப் பெட்டி எரிவதால்தான்.

போன கோடையில் ஒருநாள் வெயில் தாங்காமல், காலியாகக் கிடந்த நிழற்குடைக்குள் வண்டியைத் தள்ளி நிறுத்தினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கணேஷ்குமார் வந்துவிட்டான்.

"ஏம்மா, அண்ணன் போட்டோ மறையுது பாரு. வண்டிய எடு."

"யாரும் இல்லையே தம்பி. வெயில் தாழ்ந்ததும் போயிடறேன்."

"நீ எடுக்கிறியா, நான் ஆள விட்டுத் தள்ளச் சொல்லவா?"

எடுத்தார். நானும் ஒரு கை பிடித்துத் தள்ளினேன். நாய் படுக்கலாம், இளவரசனுடைய மைத்துனரின் புல்லட் நிற்கலாம், இளவரசனை ஜெயிக்க வைத்த பெட்டி நிற்கக் கூடாது! அன்று சாயங்காலம் அனுசுயா காரை மறித்து நேரிலேயே கேட்டார். கண்ணாடி நாலு விரல் இறங்கியது. "பார்க்கலாம்மா." கண்ணாடி ஏறிவிட்டது. ஓட்டுக் கேட்கும்போது அக்கா, ஜெயித்த பிறகு அம்மாவாம். மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்குப் பிறகும் மயில்கழுத்துக் கரை வேட்டிகள் கஞ்சி போட்டு வந்துகொண்டே இருந்தன. அனுசுயா தேய்த்துக்கொண்டே இருந்தார், கரை பிசகாமல், முனைக்கு முனை சேர்த்து. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் பெட்டியை அப்படியே மேலே வைத்துவிட்டு வேறு பக்கம் பாருங்களேன்" என்றேன்.

"கருக்கச் சொல்றீங்களா?" வேட்டியைத் திருப்பிப் போட்டார். "அப்புறம் என்ன பேசுவாங்க தெரியுமா? அனுசுயா துணியக் கருக்கிட்டாம்பாங்க. என் பேருதான் சார் கருகும். அவரு பேருக்கு என்ன, அதான் எதிர்ல எவர்சில்வர்ல நிக்குதே."

இந்த முறை மயில்கழுத்தும் இளவரசனைக் கைவிட்டது. வேறு யாருக்கோ சீட். மறுநாள் மூட்டை வந்தது. மறுபடியும் சுயேச்சை. ராசியான சின்னம் வேண்டுமென்று அலைந்து அதையே வாங்கிவிட்டாராம், இஸ்திரிப் பெட்டி. சின்னம் வரையச் சுவரில் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது எங்களுக்குத் தெரிந்தது.

நேற்று சாயங்காலம் கணேஷ்குமார் வண்டியருகில் பைக்கை நிறுத்தினான். அவனுக்கும் உறவுமுறை ஞாபகம் வந்துவிட்டது.

"அக்கா, காலையில எட்டு மணிக்கு அண்ணன் வராரு. இங்கேருந்துதான் பிரசாரம் ஆரம்பம். பெட்டிய ஆற வெச்சு, புளி போட்டுத் தேய்ச்சு வைங்க. வீடியோ எடுக்கறோம். கேமராவுல பளிச்சுனு தெரியணும்."

"எட்டு மணிக்கா?" என்று மட்டும் கேட்டார் அனுசுயா. மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த அம்மாள் நாளைக்கும் தேய்த்துக் கொடுத்துவிடுவார், வேனிலும் ஏறிவிடுவார் என்று இரவு முழுக்கக் கட்டில்மேல் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் வேன் வந்தது. பின்னாலேயே ஐம்பது பேர், இரண்டு கேமரா, ஒரு தட்டில் ஆரத்தி. கரையில்லாத வேட்டியில் இளவரசன் இறங்கினார். தெருவுக்கே கேட்கும்படி "அக்கா!" என்றார். அனுசுயா ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இடையில சில தப்பு நடந்துபோச்சுக்கா. எல்லாம் கட்சிக்காரங்க பண்ணது. என் மனசு உங்களுக்குத் தெரியாதா? இப்ப நான் மறுபடியும் உங்க பெட்டிதான். ஜெயிச்சா முதல் வேலை உங்க இடம்."

சத்தியம் செய்யக் கையைத் தூக்கினார். எதிர்ச்சாரியில் மரம் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை. ஒரு நொடி அந்தரத்தில் நின்ற கை கடைசியில் வண்டிப் பலகையில், அவர் கட்டி அவிழ்த்த வேட்டி மெத்தையின்மேல் இறங்கியது. "இந்தப் பலகை மேல சத்தியம்க்கா."

"மரத்து மேலயும் பண்ணீங்களேய்யா" என்றார் அனுசுயா, சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இளவரசன் சிரித்தார், கேமரா பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார், அன்றைக்கு நீட்டிய அதே மாதிரி. "குடுங்கக்கா, நல்ல நேரம் போகுது. ஆறிடுச்சுல்ல?"

அனுசுயா சட்டையை மடித்து ஓரமாக வைத்தார். பெட்டியின் கொண்டியை நெம்பி மூடியைத் திறந்தார். உள்ளே கங்கு சாம்பல் பூத்துக் கிடந்தது. சாக்கிலிருந்து ஒரு கை கொட்டாங்கச்சிக் கரியை அள்ளி உள்ளே போட்டார். நீட்டிய கைகள் நீட்டியபடி இருக்க, பனையோலை விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தார்.