இரவல் சங்கிலியும் பல் செட்டும்

எண்பதுகளின் தொடக்கம். செம்பவாங் கப்பல் பட்டறையில் நான் வெல்டராக இருந்தேன். ஈறு நோயால் என் மனைவியின் மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் அரசாங்கப் பல் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்குப் பெரிய செலவில்லை. பல் செட் கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டபோதுதான் தலை சுற்றியது. வாடகையும் பிள்ளைகள் படிப்பும் போக, என் சம்பளத்தில் அது நடக்கிற காரியமில்லை.

ஞாயிறு பூசையில் பாட்டுக் குழுவை நடத்தியவள் அவள். பல் போனதிலிருந்து கோயில் பக்கமே போகவில்லை. என்னிடம் பேசும்போதுகூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். கிறிஸ்துமஸ் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

உதவி கிடைக்குமா என்று விசாரித்தால், இந்தக் கவுண்டர் அந்தக் கவுண்டரைக் காட்டும். அந்தக் கவுண்டர் அடுத்த வாரம் வரச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு, பஸ் மாறிப் போய், வெறுங்கையோடு திரும்பி... அப்பப்பா! கடைசியில், கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரியைப் பார்க்க ஒரு நாள் கொடுத்தார்கள். மனைவியும் வர வேண்டுமாம்.

அன்று காலை அவள் அறையைவிட்டு வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கல்யாணப் பட்டு. கழுத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் இரட்டைவடச் சங்கிலி, கை நிறைய அவருடைய வளையல்கள்.

“என்னம்மா இது? உதவி கேக்கப் போறோமா, கல்யாணத்துக்குப் போறோமா?”

“கவர்மெண்ட் ஆபீஸுக்கு வெறுங்கழுத்தோடவா போறது? நீங்க சும்மா வாங்க” என்று தலைப்புக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

பயந்தபடியே ஆயிற்று. அதிகாரி ஒரு தமிழ்ப் பெண்மணி. என் சம்பளச் சீட்டைப் பார்க்கவே இல்லை. சங்கிலியைத்தான் பார்த்தார்.

“கழுத்துல கிடக்கிறத வித்தாலே ரெண்டு செட் கட்டலாம் லா.”

“அது இரவல் நகைங்க” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்தே விட்டேன். அப்போதுதான், கட்டிய புருஷனிடம்கூட வாயைக் காட்டாதவள் தலைப்பை விலக்கினாள்.

“இரவல்தான். மரியாதையா வரணும்னு அக்காகிட்ட கேட்டு வாங்கிப் போட்டுட்டு வந்தேன். என்னோடது இதுதான், நல்லாப் பாத்துக்குங்க!” என்று குழறியபடியே சொல்லி, வாயை அகலத் திறந்து வெறும் ஈறுகளைக் காட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாதிக்கு மேல் கட்டணத்தைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கிறிஸ்துமஸ் பூசையில் என் மனைவி பாடினாள். புதுப் பல்லில் ‘ச’ வரும் இடமெல்லாம் விசில் அடித்தது, அதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால், இல்லாதவர்கள் இல்லாதவர்களாகவே உடுத்திக்கொண்டு வந்தால்தான் நம்புவேன் என்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. மரியாதைக்காக நகை பூட்டிக்கொண்டு போனவள், அந்த மரியாதையைக் கொடுத்துத்தானே அன்று உதவியை வாங்கினாள்?