துக்கத்துக்கு நிண்ட செட்டை

என்ரை மனுசன் செத்து மூண்டாம் நாள் ஹொலண்டிலை இருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. லண்டனுக்கு வர முந்தி நாங்கள் பதினொரு வருசம் இருந்த கிராமத்திலை, வாய்க்கால் கரையிலை நிக்கிற காத்தாலை. காத்திலை சுத்துற நாலு செட்டையளிலை கீழ்ச் செட்டை நேராய் நிலத்தைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி நிண்டது. படத்தை அனுப்பினது அந்தக் காத்தாலையைப் பார்க்கிற கிழவன்; செத்த செய்தியைப் பிள்ளையள் அறிவிச்சிருந்தினம். கீழை ஒரு சொல்லும் எழுதேல்லை.

எனக்கு விளங்கினது. அந்த ஊரிலை ஆரும் செத்தால் கீழ்ச் செட்டை அடிமட்டத்தைக் கடந்து கொஞ்சம் தள்ளி நிக்கும். கலியாணம், பிள்ளைப்பேறு எண்டால் அடிமட்டத்துக்கு வர முந்தியே நிப்பாட்டுவினம். போன புதிசிலை இதெல்லாம் எனக்கு எங்கை தெரியும்? உங்கடை காத்தாலை பழுதாப் போச்சு, செட்டை கோணலாய் நிக்குது எண்டு கிழவனிட்டை நானே போய்ச் சொன்னனான். அண்டைக்குச் செத்தது அந்தாளின்ரை தமையன். என்ரை விசர் வேலை. அடுத்த நாள் என்ரை மனுசன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டவர். அப்பிடித்தான் இரண்டு பேரும் சிநேகிதமானது. பிறகு சனிக்கிழமையெண்டால் ஆள் வீட்டிலை இல்லை. ஏணியிலை ஏறுறதும், செட்டைக்குத் துணி கட்டுறதும், கிரீஸ் பூசுறதும். சம்பளமில்லாத வேலைக்கு இந்த ஓட்டமோ எண்டு நான் பேசுவன்.

லண்டனுக்குப் போவம் எண்டது நான்தான். பிள்ளையளுக்கு இங்கிலீசு வேணும், கோயில் வேணும், என்ரை அக்கா ரெய்னர்ஸ் லேனிலை இருக்கிறா. ஒரு வருசமாய் மனுசனை அரிச்செடுத்தன். கடைசியிலை சரி, போவம் எண்டார். அவ்வளவுதான். நோர்பரியிலை கடை போட்டம். பதினாலு வருசம், கிழமையிலை ஏழு நாளும் கடை. காத்தாலையைப் பற்றி ஒரு கதையும் இல்லை. எனக்கும் அது வசதியாய்த்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள்ளை ஒரு கேள்வி கிடந்தது, இந்த மனுசனுக்கு என்னிலை கோவமோ எண்டு. நான் கேக்கேல்லை. கேட்டு, ஓம் எண்டு சொல்லிப்போட்டால் என்ன செய்யிறது?

செத்தவீட்டுக்கு நிறையச் சனம். நான் அழேல்லை. அழாமல் இருந்தால் உடம்புக்குக் கூடாது எண்டு அக்கா சொல்லிக்கொண்டே இருந்தா. தேத்தண்ணி தந்தால் குடிச்சன். சீலை மாத்தச் சொன்னால் மாத்தினன். படத்தையும் அப்பிடித்தான் பார்த்திட்டு வைச்சன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இவரைத் தங்கடை ஊராள் எண்டு நினைச்சிருக்கினம். அது விளங்கினது, விளங்கினதோடை சரி. மனம் மரத்துப்போய்க் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிஞ்சு சனமெல்லாம் போயிட்டுது. அக்கா மட்டும் நிண்டா. அடுத்த நாள் காலமை, நன்றி சொல்லுவம் எண்டு கிழவனுக்குப் போன் எடுத்தன். என்ரை டச்சு பாதி மறந்துபோச்சு. கிழவன் எனக்கு விளங்க மெல்ல மெல்லத்தான் கதைச்சார். ஒவ்வொரு சனியும் இவர் கடையின்ரை பின்பக்கத்திலை நிண்டு போன் எடுப்பாராம். காத்து எப்பிடி, செட்டை சுத்துதோ எண்டு கேப்பாராம். எனக்குத் தெரியாது. நான் முன்னுக்குக் கவுண்டரிலை நிண்டிருப்பன்.

மனுசனிட்டைக் கேக்காததைக் கிழவனிட்டைக் கேட்டன். “அவருக்கு என்னிலை கோவமோ?”

கிழவன் சொன்னார்:

“கோவம் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. வாற வசந்தத்திலை ஒரு மாதம் வந்து நிக்கிறன் எண்டு சொல்லுவார். ஒவ்வொரு வருசமும் சொல்லுவார். மனுசியிட்டைக் கேட்டிட்டுச் சொல்லுறன் எண்டுவார்.”

போனை வைச்சிட்டுக் கதிரையிலை இருந்தன். என்னிட்டை இவர் ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் போயிட்டு வாங்கோ எண்டு விட்டிருப்பன் எண்டு அக்காவிட்டைச் சொன்னன். அவ தலையாட்டினா.

பொய். அப்ப கடையை ஆர் பார்க்கிறது எண்டுதான் கேட்டிருப்பன். அது அவருக்குத் தெரியும்.