அறுபத்திரண்டு கிலோ

தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறைக்குப் போகிற சாலையில் என் ரப்பர் கடை இருக்கிறது. உலர்ந்த ஷீட்டை எடை போட்டு வாங்குவது தொழில். ஆனால் என் கடைத் தராசில் ஷீட்டைவிட மனுஷர்கள் ஏறியதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். கயிறு இழுக்கிற எங்கள் ஊர் வடம்வலி டீமுக்கு வேறு தராசு கிடையாது.

வடம்வலியை வெறும் முரட்டுத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கயிற்றின் ஒரு பக்கம் ஏழு பேர். ஏழு பேர் எடையும் சேர்ந்து நானூற்று ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. ஒருத்தன் ஒரு கிலோ ஏறினால் இன்னொருத்தன் ஒரு கிலோவுக்குப் பட்டினி கிடக்க வேண்டும். அதனால் இவர்கள் ஒருவரையொருவர் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "எத்ர நிக்கு மக்கா?" என்று எடையைத்தான் கேட்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதே கேள்விதான், துட்டி வீட்டிலும் அதே கேள்விதான்.

அபினேஷுக்கு அறுபத்திரண்டு. வடத்தில் ஐந்தாவது இடம். எட்டு வருஷமாக அந்த இடத்தில் வேறு யாரும் நின்றதில்லை.

அவன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரன். மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் பட்டையைக் கீறிப் பால் வடிய முந்நூறு மரம் வெட்டுவான். பாலெடுத்து ஷீட் அடித்து முடித்தால் மதியத்துக்கு மேல் கான்கிரீட் வேலை, சாயங்காலம் பயிற்சி. ஓணம் முடிந்து சீசன் தொடங்கிவிட்டால் வேனில் கொல்லம், கோட்டயம் என்று ராத்திரி ஆட்டங்கள். திரும்பி வந்து வேனிலிருந்து இறங்கி நேராக மரத்துக்குப் போவான். போன சீசனில் நாலு மாதம் ஒரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை என்று அவன் மனைவி லிஜா சொன்னாள்.

"ஏலே, ஒறங்குனியா?" என்று நான் கேட்பேன்.

"ஞாயிற்றுக்கிழம ஒறங்குவேன் அண்ணாச்சி."

சொன்ன சொல் தவற மாட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் தூங்குவான்.

ஜனவரியில் கொல்லம் பக்கம் ஓர் ஆட்டம். வடத்தைப் பிடித்தபடி மல்லாந்து கிடக்கும்போதே அபினேஷுக்குக் கண் செருகிவிட்டது. எதிர் டீம் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. இடுப்புக்கு மேல் ஒரு ஆளும் கீழே ஒரு ஆளுமாகப் போனதுபோல இருந்தது என்று பிறகு சொன்னான். அப்போதும் கை வடத்தை விடவில்லை. வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். முதுகெலும்பில் கீறல். ஒரே நாளில் வந்ததில்லை, ஓய்வில்லாமல் உழைத்து உழைத்து வந்தது என்றார் டாக்டர். மூன்று மாதம் ஓய்வு. நன்றாகத் தூங்க வேண்டும், முட்டை, பால், மீன் என்று நன்றாகச் சாப்பிட வேண்டும், வேறு பெரிய மருந்தில்லை என்றும் சொன்னார்.

தூங்க நேரமில்லாமல் இருந்தவனுக்கு நேரம் முழுக்கக் கிடைத்தது. தூக்கம்தான் வரவில்லை. மூன்று மணி ஆனதும் கண் தானாகத் திறந்துகொள்ளும். அவன் லைட்டை லிஜா கட்டிக்கொண்டு அவன் மரங்களை வெட்டப் போவாள். அவள் செருப்புச் சத்தம் தேய்கிற வரை கேட்டுக்கொண்டு கிடப்பான். "செத்துப்போனா கொள்ளாம்னு தோணுது அண்ணாச்சி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்குப் பயம் வந்தால் திட்டுத்தான் வரும்.

அவனுக்கு இருந்த ஒரே பிடி அந்த ஐந்தாவது இடம். கேப்டன் சத்தியநேசன் வாரம் தவறாமல் போன் பண்ணி, "ஒனக்க எடம் அப்பிடியே கெடக்கு மக்கா. எத்ர நிக்கு?" என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்வதற்காகவே அபினேஷ் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, ஆட்டோவில் என் கடைக்கு வந்து தராசில் ஏறுவான். காற்று வாங்கப் போவதாக லிஜாவிடம் சொல்லிவிட்டு வருவான். முதல் வாரம் அறுபத்திரண்டு. அடுத்த வாரம் அறுபத்திமூன்றரை. படுத்தே கிடக்கிற உடம்பு ஏறத்தானே செய்யும்? அவன் முகம் செத்துவிட்டது. அதற்கடுத்த வாரம் மறுபடி அறுபத்திரண்டு. நானும் மண்டு மாதிரி, "கெட்டிக்காரன்லே நீ" என்று முதுகில் தட்டப் போய், முதுகு நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடவில்லை, கீறல் அப்படியே இருந்தது. டாக்டர் லிஜாவைத்தான் சத்தம் போட்டாராம், நீ என்னம்மா சாப்பாடு கொடுக்கிறாய் என்று. அவள் என் கடை வாசலில் நின்று அழுதாள்.

"தெனமும் ரெண்டு முட்டையும் சாளக் கறியும் வச்சிட்டுத்தான் வெட்டுக்குப் போறேன் அண்ணாச்சி. தட்டு காலியாத்தான் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் வீட்டுப் பூனை அந்த மூன்று மாதத்தில் கன்றுக்குட்டிபோல ஊதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் வந்தபோது கேட்டேன்.

"ஏலே, ஒனக்கு எலும்பு கூடணுமா, எட நிக்கணுமா?"

"ரெண்டும் வேணும் அண்ணாச்சி. நான் ரெண்டு கிலோ கூடுனா எனக்காவ யாரு பட்டினி கெடப்பா? வேற ஆளப் போட்டுருவானுவ."

இனி தராசில் ஏறாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தத் தராசையும் பறித்துவிட்டால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பான் என்று நினைத்துவிட்டேன். நான் செய்த பாவம் அது.

எக்ஸ்ரேக்குப் பிறகு சத்தியநேசனின் போன் நின்றுபோனது. மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பினான். அபினேஷ் மூன்று நாள் வெறும் கஞ்சித் தெளிவைக் குடித்துவிட்டு, அந்த ஞாயிறு காலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். அவனுக்காகக் கடையைத் திறந்தேன். அறுபத்தொன்றரை.

"அரக் கிலோ கையில இருக்கு அண்ணாச்சி!" என்று சிரித்தான். ஜனவரிக்குப் பிறகு அவன் பல்லை அன்றுதான் பார்த்தேன். துணைக்கு என்னையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

சத்தியநேசன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தான். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தான். வேதனை குறைந்திருக்கிறதா என்று கேட்டான். உறக்கம் வருகிறதா, மாத்திரை எது, லிஜா எத்தனை மரம் வெட்டுகிறாள், மழை பெய்தால் என்ன செய்கிறாள் என்றெல்லாம் கேட்டான். அபினேஷ் பெல்ட்டோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். ஒவ்வொரு பதிலையும் சுருக்கமாகவே முடித்தான், அடுத்த கேள்வி வரட்டும் என்று. அறுபத்தொன்றரை என்று சொல்லிவிட எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அதை நான் சொல்லிப் பயனில்லை, கேப்டன் கேட்க வேண்டும்.

சத்தியநேசன் எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டினான். திரும்பிப் பார்த்தான். அபினேஷ் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தான்.

"நல்லா ஒறங்கு மக்கா. வல்லதும் வயிறு நெறயத் தின்னு" என்றான் சத்தியநேசன். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பைக் சத்தம் முக்குத் திரும்பும் வரை அபினேஷ் அப்படியே பாதி எழுந்தபடி நின்றான். பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, அவன் கேக்கல்ல" என்றான்.

"மறந்திருப்பான்லே" என்றேன். ஏழு பேரின் எடையையும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்கிற ஆள் சத்தியநேசன். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

லிஜா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சோறு வைக்கட்டா? கொறச்சு போதும்னு சொல்லாதீங்க."

"நெறய வை" என்றான் அபினேஷ்.

அவள் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்த் தட்டு நிறையச் சோறும் மீன் கறியும் கொண்டுவந்தாள். அவன் தலையைக் குனிந்தபடி தின்றான். இரண்டாவது தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்காமலே தட்டை நீட்டினான். நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கூட்டுக்காரன் வந்து நாலு வார்த்த பேசுனதும் ஆளுக்குப் பசி வந்துட்டு பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று லிஜா சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனி எலும்பு கூடிரும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முட்டையை அவித்துக்கொண்டுவர உள்ளே போனாள்.