ஆறு வாரக் கோதுமை

ஹோட்டலில் உட்கார்ந்ததும் நான் கேட்கிற கேள்விகளைப் பார்த்துவிட்டு என் மனைவி ஒருமுறை கேட்டாள், "நீங்க சாப்பிட வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" நியாயமான கேள்விதான். சாம்பார் கெட்டியாக மைதா கரைத்து விடுவீர்களா, பெருங்காயம் என்ன பெருங்காயம், ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்ப்பீர்களா என்று நான் ஆரம்பித்தால் பக்கத்து மேஜைக்காரர் தன் தட்டையே ஒரு மாதிரி பார்ப்பார். தி.நகரில் ஒரு சர்வர் எனக்குத் தைரியம்கூடச் சொன்னார். "கோதுமையே கிடையாது சார், பயப்படாம சாப்பிடுங்க. நம்மகிட்ட மொத்தமும் மைதாதான்."

எனக்கு சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும் என் உடம்பு என் சிறுகுடலையே எதிரியாக நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிடும். அல்சர், ரத்தசோகை, டென்ஷன் என்று பல வருடம் பல பேர் வைத்தியம் பார்த்த பிறகு, மூன்று வருடம் முன்னால்தான் இன்னதென்று தெரிந்தது. மாத்திரை மருந்து எதுவும் கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி இதெல்லாம் ஆயுசுக்கும் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். "அரிசி திங்கிற ஊர்ல இருந்துக்கிட்டு இதுக்குப் போய்க் கவலைப்படறியே" என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். கடையில் விற்கிற பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்தில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தயிர்சாதத்தை மட்டும் நம்பினேன். தாளித்ததில் இருந்த பெருங்காயம் என்னை மூன்று நாள் படுக்கையில் போட்டது.

அதற்குப் பிறகு அபிராமபுரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குள் கோதுமை வரவில்லை. சப்பாத்தி மாவைத் தேய்க்கும்போது பறக்கிற தூள்கூடப் பாத்திரங்களில் படியும் என்று மனைவி எங்கோ படித்துவிட்டு, கட்டையையும் குழவியையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இட்லி, தோசை, அடை, சேவை, சாதம் என்று அவளும் எங்களோடு பழகிவிட்டாள். பிறந்தநாள் வீடுகளில் கேக் சாப்பிட்டால் உண்டு.

பன்னிரண்டு வயதில் அவள் வளருவதை நிறுத்திக்கொண்டாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. பள்ளியில் பிரேயருக்கு உயர வரிசையில் நிற்க வைப்பார்கள். பின்னாலிருந்து நகர்ந்து நகர்ந்து அவள் வரிசையில் முதல் ஆளாக ஆகிவிட்டாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. இரண்டு மாடி ஏறுவதற்குள் உட்கார்ந்தாள். இந்த நோய் குடும்பத்தில் வரும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்ததை நான் வேண்டுமென்றே மறந்திருந்தேன்.

அடையாறில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று வந்தது. அந்தக் காகிதத்தை நான் ஆட்டோவில் நாலு தரம் படித்தேன். மறுநாள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "வீட்ல கோதுமை சாப்பிடறாளா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வாசப்படியே மிதிக்க விடறதில்ல டாக்டர்" என்றேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்ல சார். கோதுமை உள்ள போனாத்தான் அதுக்கு உடம்பு காட்டற எதிர்ப்பு ரத்தத்துல தெரியும். சாப்பிடாத குழந்தைக்கு டெஸ்ட் பண்ணா நார்மல்னுதான் வரும். இன்னியிலேருந்து ஆறு வாரம், தினமும் ரெண்டு சப்பாத்தி அளவுக்காவது சாப்பிடணும். நடுவுல விடக்கூடாது. அப்புறம் பார்க்கலாம்."

எது என்னைச் சாய்க்கிறதோ அதை என் கையாலேயே அவளுக்கு ஊட்ட வேண்டும். அதுவும் தினமும். வெளியே வந்து மனைவியிடம் போனில் சொன்னபோது அவள், "வீட்டுக்குள்ள மாவு வேணாம், உங்களுக்கு ஏதாவது ஆயிடும். வெளியில வாங்கிக் குடுங்க" என்றாள். அவள் வங்கி வேலை முடிந்து வர ஏழரை ஆகும். எனக்கு ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸ் ஐந்து மணிக்கு முடியும். மகளுக்கு மயிலாப்பூரில் டியூஷன் ஆறு மணி வரை. ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சைவ ஹோட்டல். சாயங்காலம்தான் பரோட்டாக் கல்லைப் பற்ற வைப்பார்கள். முதல் நாள் அவளுக்கு இரண்டு பரோட்டா, குருமா. எனக்கு இட்லி, தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் கொண்டுபோன மிளகாய்ப்பொடி. பரோட்டாவைப் பிய்த்தபோது ஏடு ஏடாக ஆவி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மூன்று வருடமாக இந்தப் பெண் எதை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"வயிறு வலிக்குதா?" என்றேன்.

"இன்னும் முழுங்கவே இல்லப்பா" என்றாள்.

நான் விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன், கை கழுவும்போது கேட்டேன், வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் லஸ் சிக்னலில் திரும்பிக் கேட்டேன். வீட்டில் அவள் பாத்ரூம் போனால் எத்தனை நிமிஷம் என்று பார்த்தேன். இப்படி ஒரு மனுஷன் கூடவே இருந்தால் கல்லுக்கும் வயிறு வலிக்கும்.

அந்த ஹோட்டல் சர்வர் வயதானவர், ஒல்லி, காதில் பேனா. நான்காம் நாளிலிருந்து எங்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது. எட்டாம் நாள் ஆர்டரை எழுதாமல் என்னையே பார்த்தார். "இன்னா சார், நீ மட்டும் ஷோக்கா இட்லி துன்னுகினு பாப்பாவுக்கு டெய்லி பரோட்டா வாங்கித் தர்றியே. மைதா ஒடம்புக்கு ஆவாது சார். வளர்ற புள்ள, எப்டி கீது பாரு."

டாக்டர் சொன்னார் என்றால் நம்புவாரா? உலகத்தில் எந்த டாக்டர் பரோட்டா எழுதித் தருகிறார்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள்தான் சிரித்துக்கொண்டே, "எனக்குப் பிடிக்கும் அங்கிள்" என்றாள்.

பதினொன்றாம் நாள் வண்டியில் ஏறப்போனவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "லேசாத்தான்பா" என்றாள். அந்த 'லேசா' போதும் எனக்கு. அடுத்த நாள் ஹோட்டலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. காலையில் பள்ளி வாசலில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த கோதுமை பிஸ்கட்டையும் நிறுத்தினேன். வீட்டில் கஞ்சி, மோர், இட்லி. மனைவி, "டாக்டர் விடக்கூடாதுன்னாங்களே" என்றாள். "டாக்டருக்கா வலிக்குது?" என்று அவள்மேல் பாய்ந்தேன். ஐந்தாம் நாள் மகள் பழையபடி ஆனாள். எனக்கு ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

நடந்ததைச் சொன்னபோது அடையாறில் டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "புரியுது சார். ஆனா இத்தனை நாள் விட்டதுனால, முதல்லேருந்து எண்ண வேண்டியதுதான்" என்றார். மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் மேஜையிலிருந்த காலண்டரை அவள் எட்டிப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து ஏதோ எண்ணியது எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மறுபடியும் முதல் நாள். இந்த முறை எனக்கு ஆச்சரியமாக எல்லாம் சுமுகமாகப் போயிற்று. அதே ஹோட்டலுக்குப் போனால் அந்த சர்வர் முகத்தில் விழிக்க வேண்டும் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தோம். பாண்டி பஜாரில் சோலாபூரி, அடையாறில் ரவா தோசை, மந்தைவெளியில் ஒரு வண்டிக்கடையில் சப்பாத்தி. "வயிறு வலிக்குதா?" என்பேன். "இல்லப்பா" என்பாள். உடனே பள்ளிக் கதை ஒன்றை ஆரம்பிப்பாள். கணக்கு டீச்சரின் நடை, பஸ்ஸில் நடந்த சண்டை, யார் யாரோடு டூ விட்டார்கள் என்று நிறுத்தாமல் பேசுவாள். வீட்டில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆபீஸில் நான் நாலு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. சந்தோஷமாக இருப்பதற்கே பயமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடையாறில் ஒரு நாள் அவள் ரவா தோசையின் முறுகலான ஓரத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டபோது, எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. இவளுக்கும் இருந்துவிட்டால் மேஜையின் இந்தப் பக்கம் நான் தனியாக உட்கார வேண்டியதில்லை. ஒரு நொடிதான். ஆனாலும் வந்தது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆறு வாரம் முடிந்து ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டரே போன் செய்தார். பாண்டி பஜார் நடைபாதையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். மகள் பக்கத்தில் நின்று ஒரு கடையில் தொங்கிய பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் அந்த எதிர்ப்பின் அளவு மிக அதிகமாக இருப்பதாக டாக்டர் சொன்னார். ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்களாம். குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. அதற்குப் பத்து நாள் கழித்துத் தேதி கொடுத்தார்.

"அப்போ இன்னியிலேருந்து நிறுத்திடலாமா டாக்டர்?"

"நிறுத்தக் கூடாது சார். அது முடியற வரைக்கும் சாப்பிட்டாகணும். இப்ப நிறுத்தினா குடல் ஆற ஆரம்பிச்சிடும், ஒண்ணும் தெரியாது."

ஆறக் கூடாதாம். போனை வைத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். இத்தனை நாள் 'இருக்காது' என்று ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு வாங்கிக் கொடுத்தேன். இனி தெரிந்தே வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "பாசிட்டிவாப்பா?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா தினமும் வலிக்குதே."

தினமும் கேட்டேனே, கை கழுவும்போது, சிக்னலில், படுக்கப் போகும்போது எல்லாம் கேட்டேனே என்று என்னென்னவோ சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. பை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன் சொல்லல? ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "அன்னைக்கு நிறுத்தினதும் அவங்க முதல்லேருந்து எண்ணச் சொன்னாங்கல்ல. எத்தனை தடவைப்பா முதல்லேருந்து சாப்பிடறது?"

அந்தப் பள்ளிக் கதைகள் எல்லாம் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கியது. நான் அடுத்த கேள்வி கேட்காமல் இருப்பதற்காக அவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். வலியோடு உட்கார்ந்து என்னைச் சிரிக்க வைத்திருக்கிறாள். பன்னிரண்டு வயதில் அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கியது வேறு யாருமில்லை, நான்தான்.

அன்றும் சாப்பிட்டாக வேண்டும். எதிர்ச் சாரியில் இருந்த ஹோட்டலுக்குள் போனோம். சர்வர் வந்து நின்றார். அவளே, "ஒரு பூரி செட்" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "இவருக்கு இட்லி மட்டும். சாம்பார், சட்னி எதுவும் மேல ஊத்த வேணாம், தனித் தட்டுல குடுங்க" என்றாள்.

பூரி உப்பலாக வந்தது. அவள் விரலால் குத்தி ஆவியை விட்டாள். நான் டப்பாவைத் திறந்து பொடியைக் கொட்டிக்கொண்டேன். எப்போதும் கேட்கிற கேள்வி தொண்டை வரை வந்தது. அதை முழுங்கிவிட்டேன். கேட்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் பூரி முடிந்தது. இரண்டாவதைப் பாதி பிய்த்தவள் கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதுப்பா" என்றாள்.

சொல்லிவிட்டு என் கையைத்தான் பார்த்தாள், அது தட்டை இழுக்கப் போகிறதா என்று. இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே கொண்டுபோய் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "எங்க வலிக்குது, சொல்லு" என்றேன். அவள் எங்கே என்று சொல்லிக்கொண்டே மீதியைச் சாப்பிட்டாள்.