வலது கதவு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருந்த கிறுக்கு ஒன்றே ஒன்றுதான். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தைச் சுட்டுச் சுட்டே படம் வரைவார்களே, அந்தப் பழங்காலச் சூட்டு வேலை செய்த பெட்டி, பலகை எது கண்ணில் பட்டாலும் வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவார். "வீட்டுல மனுஷங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க" என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவற்றில் அவருடைய நிம்மதியைக் கெடுத்தது, ஒரு சின்னச் சுவர் அலமாரியின் இடது கதவு. ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். விரல் நுனியோடு பலகை முடிந்துவிடுகிறது. யாரிடம் நீட்டுகிறாள்? பதில் வலது கதவில் இருக்க வேண்டும். அதைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியே பல வருஷம் போய்விட்டது. சில நாள் அந்தப் பெண்ணைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

ஒரு நாள் காலை, பழைய சாமான் கடையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு பலகையின் ஓரம் தெரிந்தது. அதே கொடி வேலைப்பாடு, அதே பித்தளைக் கீல். தேடிக்கொண்டிருந்த வலது கதவேதான். ஆனால் ஆசையைக் காட்டினால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவாரே. அதனால் பலகையை வெளியே இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. முகத்தைச் சுளித்து, "என்னங்க இது, ஒரே கரியா இருக்கு, இதை யாரு வாங்குவா?" என்று ஒரு போடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார். சாயங்காலம் வந்து, போனால் போகிறது என்று வாங்குகிற மாதிரி வாங்கிவிடலாம். அவர் நினைப்பில் அது சாமர்த்தியம். அன்றைக்கு லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கிரீஸ் தடவும்போதும் மனசு அந்தக் கடையிலேயே கிடந்தது.

சாயங்காலம் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "நீங்க சொன்னது சரிதான் சார், ஒரே கரி. பக்கத்துப் பட்டறையில குடுத்து மெஷின்ல தேய்ச்சு வாங்கிட்டேன். இப்பப் பாருங்க."

பலகை வெள்ளைவெளேரென்று இருந்தது. கொடியின் ஆழமான கோடு ஓரத்தில் அங்கங்கே தப்பியிருந்தது, அவ்வளவுதான். யாரைத் திட்டுவது? அந்த மனுஷர் நல்லது என்று நினைத்துத்தானே செய்திருக்கிறார்.

"இதுல என்ன படம் இருந்துச்சுன்னாவது ஞாபகம் இருக்கா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "படமா? நான் எங்க சார் கவனிச்சேன்? காலையில நீங்கதான பார்த்துட்டுச் சொன்னீங்க?"