புஷ்ஷில் தப்பு இல்லை

தண்டபாணி மெக்கானிக் இறந்துபோன செய்தி காலை பத்து மணிக்கு நம் பட்டறை வரிசையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அப்போது என் லேத்தில் ஒரு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனைப் பார்த்தேன், வைத்தேன், அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் மோட்டாரை நிறுத்தினேன். மதியத்துக்குள் வாலாஜாபாத் சாலை முனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்ட பழைய படம். கீழே, ‘ராசியான கைக்குச் சொந்தக்காரர்’ என்று எழுதியிருந்தது. நானும் நின்று படித்தேன். அழுகை வரவில்லை.

நினைவு மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டபோது இரண்டு முறை மறுத்தேன். ஒன்பது வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள் எழுதாவிட்டால் நன்றாக இருக்காது என்றார்கள். சரி, எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த தண்டபாணியைத்தான் எழுத முடியும். பிடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றதை அச்சடித்துக்கொள்ளுங்கள்.

நான் கடை திறந்த அன்று வாசலில் வந்து நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை இது: “லேத்து ஓட்டப்போறது நீயாம்மா? பொடவைய இழுத்துச் சொருவிக்கோ, சுத்திக்கினு பூடும்.” நான் புடவை கட்டியிருக்கவில்லை. பேன்ட்டும் சட்டையும்தான் போட்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள்தான் அவர்கள். அதன் பிறகு நான் வெர்னியரைக் கையில் எடுக்கும்போதெல்லாம், “அளக்கறவன் பயந்தவன்மா” என்பார். அவர் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. மருந்தடிக்கும் மிஷினோ புல் வெட்டும் மிஷினோ, எதை ரிப்பேர் செய்தாலும் சைலன்சரை என் வாசல் பக்கம் திருப்பி வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பார். சரியாக நான் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து ஓட்டுவார். என் புளிசாதத்தில் எத்தனையோ நாள் பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில் வாசனை அடித்திருக்கிறது.

இருந்தாலும் அவர் காது பெரிய காது. அதை மறைக்க நான் யார்? ஒரு மிஷினைத் தெருமுனையில் ஸ்டார்ட் செய்தாலே எங்கே காற்று இழுக்கிறது, எங்கே ரிங் தேய்ந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். “மிஷினே சொல்லும், நீ குறுக்கப் பேசாத” என்பது அவர் வழக்கம். மிஷினைக் குறுக்கே பேசாமல் கேட்டவர், மனிதர்களை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் தென்னேரி குமார் ஒரு மரம் அறுக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். மழைக்காலம், சாய்ந்த மரங்களுக்குக் குறைவில்லாத நேரம். குமாரின் மச்சான் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார். அரை மணி நேரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பிஸ்டன் பக்கவாட்டில் கோடு கோடாகக் கிழிந்து, அதன் அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈஷிக்கொண்டிருந்தது. பெயர் தெரியாத கம்பெனி மிஷின், ஸ்பேர் எங்கேயும் கிடைக்காது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதற்குக் குமாரிடம் வழியில்லை. “இருக்கறத வெச்சி ஓட்டிக் குடுக்கறேன், போ” என்றார் தண்டபாணி.

அவர் செய்ததைப் பார்த்து நான் அசந்துதான் போனேன். குச்சியில் பஞ்சைச் சுற்றி, பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் தோய்த்து, சிலிண்டரில் ஈஷியிருந்த அலுமினியத்தின் மேல் மட்டும் தடவினார். அது நுரைத்துக் கரைந்து வந்தது. நுரை நின்றதும் தண்ணீரில் அலசி, மெல்லிய எமரித்தாளால் தேய்த்தார். உள்ளே இருந்த கெட்டியான பூச்சு ஒன்றும் ஆகாமல் அப்படியே இருந்தது. பிறகு காயலான் கடையைக் கிளறி, வேறு ஏதோ மிஷினின் பிஸ்டனைக் கொண்டு வந்தார். விட்டம் பொருந்தியது. ஆனால் பிஸ்டனைக் குறுக்கே கோத்துப் பிடிக்கும் ‘பின்’ போகும் ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. அந்த இடைவெளிக்கு வெண்கலத்தில் இரண்டு புஷ், அதாவது உள்ளே செருகும் வளையங்கள், கடைய வேண்டும். புஷ்ஷின் சுவர் கனம் ஒரு மில்லிமீட்டர்தான். அதற்காக என்னிடம் வந்தார்.

என் கைக்கு அதுவரை வந்த வேலைகளில் அதுதான் நுணுக்கமானது. இரண்டு புஷ்ஷையும் மூன்று தடவை கடைந்து, முதல் இரண்டு தடவை கடைந்ததைத் தூக்கிப் போட்டேன். இடம் வலம் மாறிவிடாமல் இருக்க ஒன்றின் விளிம்பில் ஒரு புள்ளியும் மற்றதில் இரண்டு புள்ளியும் பஞ்ச் உளியால் குத்திக் கொடுத்தேன். அவர் வாங்கி நகத்தால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் மிஷின் ஓடியது. சைலன்சரின் வாயைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்றபடி கார்புரேட்டரில் பெட்ரோலையும் கூட்டி வைத்திருந்தார். வந்தபோது இருந்ததைவிட நன்றாகவே ஓடியது.

இரண்டே வாரத்தில் மறுபடி நின்றது. குமார் கொண்டு வந்து போட்டார், தண்டபாணி தனியாக உட்கார்ந்து பிரித்தார். மறுநாள் ஆயுத பூஜை. வரிசை முழுக்க மிஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்து, ஒவ்வொரு கடையாகப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தோம். குமாரும் வந்திருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தண்டபாணி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா மேகலா, உன் லேத்துக்கு இன்னும் ரெண்டு பூசணிக்கா சேத்து ஒட. புஷ்ஷக் கோணலா கடைஞ்சி குமாரு பொழப்பையே கெடுத்துட்டியே.”

“கோணலா? எங்க, பிரிச்சத எடுத்தாந்து காட்டுங்கண்ணே.”

“இன்னாத்தக் காட்டறது? தூக்கிப் போட்டாச்சி. மெட்ராஸ்லேர்ந்து புது பிஸ்டனு வருது. இனிமே இந்த மாதிரி வேலைய வீட்ல வடாம் புழிய சொல்லோ செஞ்சிக்கோ.”

எல்லோரும் சிரித்தீர்கள். பொரித் தட்டோடு நான் நடுவில் நின்றேன்.

அந்த வாரத்திலிருந்து வரிசையில் ஒரு மெக்கானிக்கும் என்னிடம் வேலை கொடுக்கவில்லை. கோணல் லேத்து என்று பெயர் வைத்தீர்கள். ‘கோணல் லேத்து எங்கே’ என்று விசாரித்துக்கொண்டு ஒரு ஆள் என்னிடமே வந்தார். தறிக்காரர்கள் மட்டும் ஜக்கார்டு பெட்டிக்குக் கம்பி, உருளை என்று கொண்டு வந்தார்கள். அவர்கள் நம் வரிசையில் நின்று கதை பேசுகிறவர்கள் இல்லை, அதனால் என் பெயர் அவர்கள் காதுக்குப் போகவில்லை. அவர்களை வைத்துத்தான் நான் கடையை மூடாமல் இருந்தேன். ஏழு வருடம் என் வேலையை நானே சந்தேகப்பட்டேன். வெர்னியரை மாற்றினேன். லேத்தில் இரும்பைப் பிடிக்கும் ‘சக்’கை மாற்றினேன். ராத்தூக்கம் போனது.

போன வருடம் தண்டபாணி படுத்துக்கொண்டதும் அவர் கடை மூடிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் குமார் அதே மிஷினை என்னிடம் கொண்டு வந்தார். ஏழு வருடம் ஓய்வில்லாமல் அறுத்து, இழுவை குறைந்திருந்தது. இப்போது அந்த மிஷினுக்கே பிஸ்டன் செட் ஆன்லைனில் வருகிறதாம், வரவழைத்து வைத்திருந்தார். நான் மெக்கானிக் இல்லை. இருந்தாலும் நாலு போல்ட்டைக் கழற்றத் தெரியும். பிரித்துப் பிஸ்டனைத் துடைத்தேன். ஒரு பக்கம் ஒரு புள்ளி, மறுபக்கம் இரண்டு புள்ளி.

மெட்ராஸிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதே பிஸ்டன், அதே புஷ். ஏழு வருடம் ஓடியும் அசையவில்லை. சிலிண்டர் சுவரில் எமரித்தாள் போட்டு மழுப்பிய ஒரு பழைய கீறல் இருந்தது. அது எதனால் விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்டனின் ‘பின்’னை இரண்டு முனையிலும் நகராமல் பிடித்துக்கொள்ளும் கம்பிக் கிளிப், ஒரு தடவை கழற்றினால் விறைப்புப் போய்விடும். அதைத் திரும்பப் போட்டால் என்றாவது எகிறிச் சுவரைக் கிழிக்கும்.

குமாரிடம் கேட்டு அந்தப் பிஸ்டனை வாங்கிக்கொண்டு தண்டபாணி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சகுந்தலாக்கா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். பிஸ்டனை அவர் கையில் வைத்தேன். நகத்தால் ஒரு சுற்று தடவினார்.

“உன்னுதுதான்,” என்றார்.

“மெட்ராஸ்லேர்ந்து புதுசு வந்துச்சின்னீங்களே?”

“சொன்னேன்.”

“கிளிப்பு?”

“பழசயே போட்டேன். கைல புதுசு இல்ல. குமாரு வேற தலமாட்டுல நின்னுக்கினு இருந்தான். அது எகிறிச்சி. ரெண்டாவது வாட்டி புதுசு போட்டேன், ஓடிச்சி.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாண்ணே?”

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. “என்னுது முப்பது வருசத்துக் கடைமா. உன்னுது ரெண்டு வருசம். யாராவது ஒருத்தர் பேரு போவணும். உனக்கு வயசு இருக்குது, திரும்ப சம்பாதிச்சிக்குவன்னு வுட்டுட்டேன்.”

அவ்வளவுதான் கணக்கு. மனதாரப் போட்ட கணக்கு. வரிசையில் நாலு பேர் முன்னால் இதைச் சொல்லுங்கள், ஃபோனில் பேசி அனுப்பினால்கூடப் போதும் என்றேன். “நான் இருக்கற வரிக்கும் வோணாம்மா. அப்பாலிக்கா நீ சொல்லிக்கோ” என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். சகுந்தலாக்கா வாசல் வரை வந்து, “உன் கால்ல உழறேன் மேகலா, அவர வுட்டுடு” என்று குனிந்தார். நான் விலகிச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிடாதீர்கள். படுத்திருக்கிற மனிதனைப் பற்றிப் பேசினால் என்னைத்தான் திட்டுவீர்கள், எனக்குத் தெரியாதா?

இப்போது சொல்லிவிட்டேன். அவர் கொடுத்த அனுமதியோடுதான் சொல்கிறேன். புஷ்ஷில் தப்பு இல்லை. பழைய கிளிப்பைப் போட்டது தண்டபாணி. அதை மறைக்க என் பெயரைக் கெடுத்ததும் தண்டபாணி. மிஷினுக்கு ராசியான கைதான், ஒப்புக்கொள்கிறேன். அவரை நான் மன்னிக்கவில்லை. உங்களையும்தான். அன்று பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது, அத்தனை பேரும் மெக்கானிக்குகள். ‘பிரித்ததைக் காட்டுங்கள் அண்ணே’ என்று என்னைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். தண்டபாணி கடை மூடியதிலிருந்து உங்களில் சிலர் மறுபடி என்னிடம் வருகிறீர்கள். இப்போது யார் புஷ் கடையச் சொல்லி வந்தாலும், கேட்காமலேயே இரண்டு புதுக் கிளிப்பைக் காகிதத்தில் மடித்துப் புஷ்ஷோடு சேர்த்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மேகலாவுக்கு நல்ல மனசு என்கிறார்கள். மனசெல்லாம் ஒன்றும் இல்லை. உங்களில் ஒருவரையும் நான் நம்பவில்லை. அதைத்தான் தண்டபாணி எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.