பின்னாலிருந்து சுட்டவன்

அந்தக் கம்ப்யூட்டர் சென்டரின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் குளிர் முதலில் பாதத்தில்தான் ஏறும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால், நாகல் நகர்த் தெரு வெயிலில் காய்ந்த கால்கள் ஏ.சி.யில் ஊறிய பச்சைக் கார்ப்பெட்டில் பட்டதும் கூசும். கூடவே பினாயில் வாசனையும், பெட்டிகளுக்குள் ஓயாமல் சுற்றும் விசிறிகளின் "கிர்ர்" சத்தமும் வரும். என் அக்கா ஸ்டெல்லா அங்கே டைப்பிங்கும் கணக்குப் பதிவும் சொல்லிக்கொடுக்கும் டீச்சராக இருந்தாள். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த அந்தக் கோடையில், சனிக்கிழமை மதியம் வகுப்புகள் முடிந்தபின், என்னையும் என் உயிர்த் தோழன் அருளையும் உள்ளே விடுவாள்.

ஒரு சனிக்கிழமை அங்கே புதிதாக ஒன்று வந்திருந்தது. ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இருந்த துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அதுவும் முழுசாக இல்லை, "டெமோ". ஒயரால் கோத்திருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றி வைத்திருந்தார்கள். வீட்டில் சொன்னதும் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்த அப்பா, "சும்மா குடுக்குறான்னா உள்ள எதையோ வச்சிருக்கான் அப்பு, பாத்து" என்றார். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அப்பா மாம்பழம் வாங்கப் போனால் கூடையின் அடி வரை கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார். எனக்கு அவர் மூக்கு வரவில்லை, அந்தக் குணம் அப்படியே வந்திருந்தது.

ஆகவே விளையாட்டைத் திறந்தபோதே எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. திரையின் கீழே துப்பாக்கி பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன, அந்தக் கைகளுக்கு உடம்பைக் காணோம். சரக்கு அடுக்கும் ஒரு பெரிய கிட்டங்கி, துருப்பிடித்த டிரம்கள், இரும்புப் படிக்கட்டு, அவ்வளவுதான். சுடுவதற்கு ஓர் எதிரிகூட இல்லை. ஆளுக்கு ஆள் சுட்டுக்கொள்வதுதான் அந்த விளையாட்டே என்பது தெரியாமல், எதிரிகள் எங்கோ ஒளிந்திருக்கிறார்கள், இரண்டு பேரும் ஒரே "கட்சி"யாகப் போய்ப் பிடித்துவிடலாம் என்று நானும் அருளும் பேசிக்கொண்டோம். எனக்கும் அவனுக்கும் இடையில் ஒட்டுப்பலகைத் தடுப்பு இருந்ததால் அவன் திரை எனக்குத் தெரியாது, என்னுடையது அவனுக்குத் தெரியாது. பெயரை மாற்றுவது எப்படி என்று இருவருக்குமே தெரியாததால் திரைக்குள் எல்லோருக்கும் "ப்ளேயர்" என்றுதான் பெயர், எல்லோருக்கும் ஒரே பச்சைச் சட்டை.

கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் திரை சிவந்தது, நான் தரையில் கிடந்தேன். ப்ளேயர் ப்ளேயரைக் கொன்றதாக மேலே ஒரு வரி ஓடியது.

"ஏலே, என்னைய எதுக்குலே சுட்ட?"

"நான் எங்கலே சுட்டேன்? டிரம்முக்குப் பின்னாடி நிக்கிறேன்" என்றான் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து. மறு நிமிடமே, "ஏலே, எனக்கும் செவப்பாயிருச்சு! நீதான?" என்று கத்தினான்.

நடிக்கிறான் என்று உடனே முடிவு கட்டினேன். மறுபடி எழுந்தேன், மறுபடி முதுகில் சுடப்பட்டேன். மூன்றாவது முறை செத்தபோது ஆத்திரம் தாங்காமல் எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடித்தேன். "மாதா சத்தியமா நான் இல்லலே" என்றான். மாதாவின் பேரில் சத்தியம் செய்வது எங்கள் மாதா கோயில் பங்கில் பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூடச் செய்யாத காரியம். அறையில் இருந்தது இரண்டே பேர், நான் சுடவில்லை, அப்படியானால் இவன் மாதா பேரிலேயே பொய் சொல்கிறான். எனக்குச் சுடப்பட்டதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, இதுதான் பகீரென்றது. சண்டை முற்றுவதற்குள் டெமோவும் தானே நின்று, முழு விளையாட்டையும் வாங்கச் சொன்னது. அப்பா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கோயிலில் ஞாயிறு பூசை. பையன்கள் வரிசையில் அருள் எனக்கு முன்னால் நின்றிருந்தான். பூசை நடுவில் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் அவன் திரும்பிக் கை குவித்து, "சமாதானம்" என்றான். நான் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன். குவித்த கையை அவன் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான், பிறகு திரும்பிக்கொண்டான். ஜூன் மாதம் அவனை நத்தத்தில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வந்தபோது நான் புழக்கடையில் போய் நின்றுகொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று தானாகச் சிரித்தாள். "அன்னிக்கி நீங்க ரெண்டு பேரும் வெளயாடுனீங்கல்ல, உள்ள ஆபீஸ் ரூம்புல இருந்து நானும் வெளயாண்டேன்டா. அம்புட்டு நேரமும் எதையோ தேடிக்கிட்டே திரிஞ்சீங்க. ஒன்ன மூணு தடவ சுட்டேன், அருள ரெண்டு தடவ."

"ஏன்க்கா சொல்லல?"

"டீச்சரே வெளயாடுதுன்னு தெரிஞ்சா சென்டர்ல மதிப்பாங்களா?"

அவள்மேல் கோபம் வரவில்லை. அருள் செய்த மாதா சத்தியம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு விடுதியில் பெற்றோர் பார்க்கும் நாள் என்று விசாரித்து, அருளின் அம்மாவோடு தொற்றிக்கொண்டு நத்தத்துக்கு பஸ் ஏறினேன். விடுதிப் புளிய மரத்தடியில் அவனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்கலே" என்றேன். அவன் அம்மா கொண்டுவந்த முறுக்கைக் கடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நானும் நீதான் சுட்டன்னு நெனச்சேன். சுட்டுட்டு, செத்தவன் மாதிரி நீ கத்துறன்னு நெனச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்குலே கோயில்ல எனக்குச் சமாதானம் சொன்ன?"

"நீதான பின்னாடி நின்ன" என்றான், பாதி முறுக்கை என்னிடம் நீட்டிக்கொண்டே.

அந்தச் சென்டர் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை இருக்கிறது. ஒட்டுப்பலகைத் தடுப்புகள் என்ன ஆயின என்று தெரியவில்லை. என் மகன் போனில் இதே மாதிரி விளையாட்டுத்தான் விளையாடுகிறான். அவனைச் சுட்டவன் யார், எங்கே நின்று சுட்டான் என்பதைத் திரையே போட்டுக் காட்டிவிடுகிறது. நான் கதையைச் சொன்னபோது, "யார் சுட்டான்னே தெரியாம எப்படிப்பா வெளயாண்டீங்க?" என்று சிரித்தான். சந்தேகம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. மாம்பழக் கூடையில் நானும் அடி வரை கை விடுகிறேன். ஆனால் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும், பின்னால் நிற்பது யார், என்ன செய்தவர் என்று யோசிப்பதற்கு முன்பே கையைக் குவித்துத் திரும்பிவிடுகிறேன்.